காலையில் புளிக்கும் இலை: உங்க சக்குலென்ட் ராத்திரியில் என்ன செய்கிறது?

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து சுருக்கி, திருத்தி எழுதிய வடிவம்.)



இன்னைக்கு எபிசோடை ஒரு கொலைக் கேஸோட ஆரம்பிக்கிறேன். கொலையாளி நான்தான். செத்தது ரெண்டு செடி.

பாளையங்கோட்டையில எங்க ஆச்சி வீட்டுக் கிணத்தடியில ஒரு ரணகள்ளி இருந்தது. இந்தப் பேரு உங்களுக்குத் தெரியலைன்னாலும் செடி தெரிஞ்சிருக்கும். சின்ன வயசுல இதோட இலையைப் பறிச்சு நோட்டுக்குள்ள வெச்சிருப்பீங்க, இல்லைன்னா நூல்ல கட்டி ஜன்னல்ல தொங்க விட்டிருப்பீங்க. கொஞ்ச நாள்ல இலை ஓரத்துல இருக்குற பள்ளங்கள்ல இருந்து குட்டிக் குட்டியா செடி முளைக்கும். அதனாலயே இதுக்கு "கட்டிப்போட்டால் குட்டிபோடும்"னு ஒரு பேரு உண்டு.

ரெண்டு வருஷம் முன்னாடி அந்த வீட்டை வித்துட்டாங்க. வாங்கினவங்க இடிக்கப் போறாங்கன்னு தெரிஞ்சதும், அத்தை கிணத்தடிக்குப் போய் ஒரே ஒரு இலையைக் கிள்ளி, கவர்ல போட்டு, சென்னைக்கு எனக்கு அனுப்பினாங்க. கவர் எங்கெங்கயோ சுத்திட்டு ஒன்பது நாள் கழிச்சு வந்து சேர்ந்தது. பிரிச்சுப் பார்த்தா, இலை ஓரத்துல மூணு குட்டி. வெள்ளை நூல் மாதிரி வேர் வேற விட்டிருக்கு. மண் கிடையாது, தண்ணி கிடையாது, வெளிச்சம் கிடையாது. ஒன்பது நாள்!

மூணையும் மூணு தொட்டியில வெச்சேன். ஆச்சி வீட்டுல மிச்சம் இருக்குறது இதுதானே, அதனால ரொம்பப் பாசமா பார்த்துக்கிட்டேன். தினமும் காலையில காபி குடிக்கும்போது அதுக்கும் ஒரு டம்ளர் தண்ணி. நாலு மாசத்துல ஒரு செடியோட இலை கண்ணாடி மாதிரி ஆச்சு, தண்டு அடியில கறுத்துச்சு, தொட்டவுடனே சாஞ்சிடுச்சு. பத்து நாள்ல அடுத்ததும் போச்சு.

மூடின கவருக்குள்ள ஒன்பது நாள் உயிரோட இருந்த செடி, என் கையில நாலு மாசம்கூட தாங்கல. ஏன்?

"தண்ணி அதிகமாயிடுச்சு"ன்னு நீங்க சொல்வீங்க. நர்சரிக்காரரும் அதைத்தான் சொன்னார். ஆனா அது பாதி பதில்தான். தண்ணி குடிச்சு ஒரு செடி ஏன் சாகணும்? பக்கத்துத் தொட்டி துளசிக்கும் தினமும் அதே டம்ளர்தான் ஊத்துறேன், அது ஜம்முன்னு இருக்கே? இந்தக் கேள்வியைத் தேடிப் போனப்போ, இதே ரணகள்ளியோட இலையை 200 வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் வாயில போட்டு மென்னு பார்த்த கதை கிடைச்சது. இன்னைக்கு எபிசோட் அந்தக் கதைதான்.

இலையை மென்று பார்த்த டாக்டர்

அவர் பெயர் பெஞ்சமின் ஹெய்ன். ஜெர்மனிக்காரர். மொராவியன் சபையைச் சேர்ந்த மிஷனரியாக 1790-களின் தொடக்கத்தில் தரங்கம்பாடிக்கு வந்தார். அப்போது தரங்கம்பாடி டென்மார்க்காரர்கள் கையில் இருந்தது. ஊருக்குப் பக்கத்தில் மொராவியன் சபைக்காரர்கள் ஒரு பெரிய தோட்டமே வைத்திருந்தார்கள்.

ஹெய்ன் மருத்துவமும் தெரிந்தவர், செடிகொடிகளும் தெரிந்தவர். அந்தக் காலத்துல இந்த ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே படிப்புதான், ஏன்னா மருந்தெல்லாம் செடியில இருந்துதான் வரும். கொஞ்ச நாளில் அவர் கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் சேர்ந்தார். இன்றைய ஆந்திராவில் உள்ள சாமர்லகோட்டாவில் கம்பெனித் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு, காலின் மெக்கன்சி தலைமையில் மைசூர் நாட்டை அளந்தார்களே, அந்த சர்வே குழுவில் டாக்டராகவும் தாவரவியலாளராகவும் போனார். பெங்களூர் லால்பாக் தோட்டமும் சில காலம் அவர் பொறுப்பில் இருந்தது. வீக்கெண்ட்ல நாம செல்ஃபி எடுக்கப் போற அதே லால்பாக்தான்.

இவர் கவனித்த விஷயம் இது. ரணகள்ளி இலையை விடியற்காலையில் மென்றால் நல்ல புளிப்பு. நேரம் ஆக ஆகப் புளிப்பு குறைகிறது. உச்சி வெயில் நேரத்தில் சுவையே இல்லை. சாயங்காலம் லேசான கசப்பு. மறுநாள் காலையில் திரும்பவும் புளிப்பு.

ஒரே இலை, ஒரே நாள், மூணு ருசி.

இதை அவர் லண்டன் லின்னேயன் சொசைட்டியின் துணைத் தலைவராக இருந்த எய்ல்மர் லாம்பர்ட்டுக்குக் கடிதமாக எழுதினார். 1813-ல் அது சொசைட்டியில் வாசிக்கப்பட்டது. 1815-ல் அச்சில் வந்தது. மொத்தமே சில பக்கங்கள்தான்.

யோசிச்சுப் பாருங்க. அவர்கிட்ட ஆய்வகம் கிடையாது, அளக்கக் கருவி கிடையாது. இருந்தது நாக்கும், திரும்பத் திரும்ப மென்னு பார்க்குற பொறுமையும் மட்டும்தான். காலையில ஒரு தடவை மென்னவர் எத்தனையோ பேர் இருந்திருக்கலாம். மத்தியானம், சாயங்காலம்னு திரும்ப வந்து மென்னு, அதை நேரத்தோட எழுதி வெச்சது இவர்.

ஒரு எச்சரிக்கை: தயவுசெய்து நீங்க மென்னு பார்க்காதீங்க. இந்தச் செடிக் குடும்பத்துல இதயத்தைப் பாதிக்கிற நச்சுப் பொருள்கள் இருக்கு. மாடு மேய்ஞ்சு செத்த சம்பவங்கள் உண்டு. வீட்டுல பூனையோ நாயோ இருந்தா எட்டாத இடத்துல வைங்க.

சரியான கண்ணு, தப்பான கணக்கு

இலை ஏன் புளிக்கிறது? ஹெய்னிடம் ஒரு விளக்கம் இருந்தது. அது அவர் காலத்து வேதியியலில் இருந்து வந்தது.

அப்போது ஆக்ஸிஜன் புதுசாகக் கண்டுபிடிக்கப்பட்ட வாயு. அந்தப் பெயரை வைத்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே. கிரேக்கத்தில் அதற்கு "அமிலத்தை உண்டாக்குவது" என்று பொருள். எல்லா அமிலத்துக்கும் ஆக்ஸிஜன்தான் காரணம் என்று அவர் நினைத்தார். அது பிறகு தப்பு என்று தெரிந்தது, ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. இன்னொரு பக்கம், வெயிலில் செடிகள் ஆக்ஸிஜனை வெளிவிடுகின்றன என்பதும் அப்போது தெரிந்திருந்தது. ஹெய்ன் இந்த இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டார்: ராத்திரியில் இலை ஆக்ஸிஜனைச் சேர்த்துக்கொள்கிறது, அதனால் புளிக்கிறது; பகலில் வெளிச்சம் அதை வெளியே தள்ளுகிறது, அதனால் புளிப்பு போகிறது.

கணக்கு தப்பு. ஆனா கவனிச்சது நூத்துக்கு நூறு சரி. ராத்திரியில இந்த இலைக்குள்ள ஏதோ ஒண்ணு சேருது, பகல்ல அது செலவாகுது.

இதற்குச் சில வருடங்களுக்கு முன்பு, 1804-ல், ஜெனிவாவைச் சேர்ந்த நிக்கோலா தெ சொஸ்யூர் என்பவர் ஒரு புத்தகம் வெளியிட்டிருந்தார். செடிகளைக் கண்ணாடிப் பாத்திரத்துக்குள் வைத்து, அவை எந்த வாயுவை எவ்வளவு எடுத்துக்கொள்கின்றன என்று அளந்து பார்த்தவர் அவர். சப்பாத்திக்கள்ளி மட்டைகளை இருட்டில் வைத்தபோது, சாதாரண இலைகளைப் போல இல்லாமல் அவை சுற்றியிருக்கும் காற்றை உள்ளே இழுத்து வைத்துக்கொள்வதை அவர் பதிவு செய்தார்.

ஆக, ஒருத்தர் ராத்திரியில காற்று உள்ளே போறதைப் பார்த்துட்டார். இன்னொருத்தர் காலையில உள்ளே அமிலம் இருக்குறதைக் கண்டுபிடிச்சுட்டார். இந்த ரெண்டும் ஒரே கதையோட ரெண்டு பக்கம். அதைத் தெளிவா சேர்த்துப் படிக்க இன்னும் 130 வருஷம் ஆச்சு.

கதே அனுப்பிய இலை

இந்த இடத்துல ஒரு சின்னக் கிளைக்கதை. என்னோட கவர் கதைக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு.

ஹெய்ன் கடிதம் வெளிவந்த அதே காலத்தில், ஜெர்மனியின் வைமார் நகரில் இதே ரணகள்ளி மேல் ஒருவர் பைத்தியமாக இருந்தார். அவர் கவிஞர் கதே. கதே செடிகளைப் பற்றியும் தீவிரமாக ஆராய்ந்தவர். ஒரு செடியின் எல்லா உறுப்புகளும் இலை என்ற ஒரே வடிவத்தில் இருந்துதான் மாறி வருகின்றன என்பது அவர் எண்ணம். அப்படி நினைக்கிறவருக்கு, ஒரு இலையில் இருந்தே முழுச் செடி முளைக்கும் ரணகள்ளி கிடைத்தால் எப்படி இருக்கும்! வீட்டில் வளர்த்தார். அதைப் பற்றி எழுதினார். நண்பர்களுக்கெல்லாம் குட்டிச் செடி கொடுத்தார். தோழி மரியானா ஃபொன் வில்லெமருக்கும் அனுப்பினார். இன்றும் ஜெர்மனியில் இந்தச் செடிக்கு "கதே செடி" என்று ஒரு பெயர் இருக்கிறது.

இத்தனைக்கும் ரணகள்ளியோட சொந்த ஊர் தரங்கம்பாடியும் இல்லை, வைமாரும் இல்லை. மடகாஸ்கர் தீவு. அங்க இருந்து உலகம் முழுக்கப் பரவிடுச்சு. எப்படிப் பரவ முடிஞ்சது? மத்த செடிகளுக்குக் கப்பல் பயணம்னா மரண தண்டனை மாதிரி. உப்புக் காற்று, நல்ல தண்ணிக்குப் பஞ்சம், மாசக்கணக்குல பயணம். சக்குலென்ட் மட்டும் ஒரு மூலையில சும்மா கிடந்து, கரை வந்ததும் துளிர்க்கும். அத்தை அனுப்பின கவருக்குள்ள நடந்ததும் அதுதான்.

ராத்திரி மாவு, காலையில் தோசை

இப்போ மர்மத்தை உடைச்சிடலாம்.

எல்லா இலையிலும் கண்ணுக்குத் தெரியாத நுண் துளைகள் இருக்கும். அது வழியாகத்தான் செடி கார்பன் டை ஆக்ஸைடை உள்ளே எடுக்கிறது. ஆனால் துளை திறந்தால் உள்ளே இருக்கும் தண்ணீரும் ஆவியாகி வெளியே போகும். காற்று வேண்டுமென்றால் தண்ணீரை இழந்தே ஆக வேண்டும். துளசி, வேம்பு, நெல் எல்லாம் பகலில் துளையைத் திறக்கின்றன. வெளிச்சம் இருக்கும்போதுதானே சர்க்கரை தயாரிக்க முடியும்?

பாலைவனத்திலோ பாறை இடுக்கிலோ வாழும் செடி அப்படிச் செய்தால் ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். அதனால் சக்குலென்ட்கள் பல நேரத்தை மாற்றிக்கொண்டன. பகலில் துளையை மூடிவிடும். ராத்திரி வெயில் இறங்கி, காற்றில் கொஞ்சம் குளிர்ச்சியும் ஈரமும் வந்த பிறகு திறக்கும். ஆனால் ராத்திரியில் வெளிச்சம் இல்லையே? உள்ளே வந்த கார்பனை என்ன செய்வது? அமிலமாக்கிச் சேர்த்து வைத்துக்கொள்ளும். பெரும்பாலும் மாலிக் அமிலம், அதாவது பச்சை ஆப்பிளில் இருக்கும் அதே புளிப்பு. விடிந்ததும் கதவைச் சாத்திவிட்டு, சேர்த்து வைத்த அமிலத்தை உடைத்து, அதில் இருந்து வரும் கார்பனை வைத்து வெயிலில் சர்க்கரை தயாரிக்கும்.

நம்ம வீட்டு உதாரணம் சொல்லணும்னா, ராத்திரி மாவு அரைச்சு வெச்சுட்டுக் காலையில தோசை ஊத்துற மாதிரி. மாவும் காலையில புளிச்சிருக்கும்ல! புளிக்கிற காரணம் வேற, ஆனா வேலையைப் பிரிச்சுக்கிற முறை அதேதான்.

ஹெய்ன் விடியற்காலையில் மென்றது அந்த நிரம்பிய கிடங்கை. மத்தியானம் மென்றது காலிக் கிடங்கை.

1940-களில் இங்கிலாந்தின் நியூகாசிலில் மெய்ரியன் தாமஸும் அவருடன் வேலை பார்த்தவர்களும் இந்த ராத்திரி அமிலத்தையும் கார்பன் டை ஆக்ஸைடையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். இன்று இதற்கு "க்ராசுலேசியன் ஆசிட் மெட்டபாலிசம்" என்று பெயர். சுருக்கமாக "கேம்". க்ராசுலேசி என்பது ரணகள்ளியின் குடும்பப் பெயர். ஆபீஸ் மேசையில் இருக்கும் ஜேட் செடி, ரோஜாப் பூ வடிவத்தில் இருக்கும் எக்கெவேரியா, எல்லாம் அதே குடும்பம். ஆனால் கேம் அந்தக் குடும்பத்தோடு நிற்கவில்லை. கள்ளிகள், சோற்றுக்கற்றாழை, அன்னாசி, நம்ம ஊர் பிரண்டை எல்லாம் இந்த முறையில் வாழ்கிறவைதான்.

இதில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் தெரியுமா? ஒரு கிராம் கார்பன் டை ஆக்ஸைடை உள்ளே எடுக்க, சாதாரணச் செடி ஏறக்குறைய 400 முதல் 500 கிராம் தண்ணீரை இழக்கிறது. கேம் செடி 50 முதல் 100 கிராம்.

இப்ப என் காபி டம்ளருக்கு வாங்க. துளசிக்கு ஊத்தின தண்ணி இலை வழியா வேகமா வெளிய போயிடுது. ரணகள்ளிக்கு ஊத்தின தண்ணிக்குப் போக வழியே இல்லை. பகல் முழுக்கக் கதவு சாத்தியிருக்கு. தண்ணி தொட்டியிலயே நிக்குது. ஈர மண்ணுல வேருக்குக் காற்று கிடைக்கல. காற்றில்லாத வேர் அழுகுது, பூஞ்சை ஏறுது, தண்டு கறுக்குது. செடி தண்ணி குடிச்சுச் சாகல, மூச்சுத் திணறிச் செத்திருக்கு.

தோட்டக்காரங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தது

அப்போ 1940-கள் வரைக்கும் யாருக்கும் சக்குலென்ட் வளர்க்கத் தெரியாதான்னு கேட்டா, இல்லை. காரணம் தெரியாமலே வழி கண்டுபிடிச்சவங்க இருந்தாங்க.

ரிச்சர்ட் பிராட்லி 1716-ல் லண்டனில் சக்குலென்ட்களுக்கென்றே ஒரு புத்தகத்தை வெளியிடத் தொடங்கினார். 1727 வரை பகுதி பகுதியாக வந்தது. தென்னாப்பிரிக்காவில் இருந்தும் அமெரிக்கக் கண்டத்தில் இருந்தும் கப்பலில் வந்த கற்றாழைகளும் கள்ளிகளும் அப்போது ஐரோப்பியப் பணக்காரர்களின் புது மோகம். அவற்றைக் குளிரில் இருந்து காப்பாற்றக் கண்ணாடி வீடு கட்டி அடியில் நெருப்பு மூட்டினார்கள்.

லண்டனில் செல்சி மருந்துத் தோட்டம் என்று ஒன்று இருக்கிறது. 1722 முதல் ஏறக்குறைய ஐம்பது வருடம் அதன் தலைமைத் தோட்டக்காரராக இருந்தவர் பிலிப் மில்லர். அவர் எழுதிய தோட்டக்காரர் அகராதி அந்தக் காலத்தில் தோட்டக்காரர்களின் வேதப் புத்தகம் மாதிரி. அதில் அவர் வெப்ப வீடுகளை இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று ஈர வீடு: தோல் பதனிடப் பயன்படுத்திய மரப்பட்டைத் தூளைக் குழியில் கொட்டுவார்கள், அது புளித்துச் சூடாகும், அந்த ஈரச் சூட்டில் அன்னாசி மாதிரி செடிகள் வளரும். இன்னொன்று உலர் வீடு: புகைக்குழாய் வழியாக வரும் உலர்ந்த சூடு மட்டும். கற்றாழைக்கும் கள்ளிக்கும் உலர் வீடுதான். ஈர வீட்டில் வைத்தால் அழுகிவிடும் என்பது அவர்களுக்குப் பட்டறிவு.

இரண்டு வீடு. இந்தச் செடி வேற, அந்தச் செடி வேற. இவ்வளவுதான் விஷயம். இதை நாம எப்போ மறந்தோம்?

1829-ல் லண்டன் டாக்டர் நதானியேல் வார்டு, ஒரு அந்துப்பூச்சிக் கூட்டை ஈர மண்ணோடு பாட்டிலில் போட்டு மூடி வைத்தார். பூச்சிக்காகக் காத்திருந்தபோது, பாட்டிலுக்குள் ஒரு பெரணிச் செடி முளைத்தது. வெளியே நிலக்கரிப் புகையில் பெரணிகள் எல்லாம் செத்துக்கொண்டிருந்தபோது, மூடிய கண்ணாடிக்குள் இது செழிப்பாக வளர்ந்தது. இதில் இருந்து பிறந்ததுதான் "வார்டியன் பெட்டி". 1833-ல் இப்படிப்பட்ட பெட்டிகளில் செடிகள் சிட்னி வரை உயிரோடு போய்ச் சேர்ந்தன. பிறகு தேயிலை மாதிரிப் பணப்பயிர்களும் இதே பெட்டியில் கண்டம் விட்டுக் கண்டம் போயின. ஒரு பெட்டி உலக வியாபாரத்தையே மாற்றியது. அது தனி எபிசோட்.

இன்னைக்குப் பிறந்தநாளுக்கு கிஃப்ட்டா வருதே, கண்ணாடி டெர்ரேரியம், அது அந்த வார்டியன் பெட்டியோட பேரப்பிள்ளை. வார்டு அதுக்குள்ள வளர்த்தது பெரணி. ஈரத்தை விரும்புற செடி. நாம அதே மூடின கண்ணாடிக்குள்ள எக்கெவேரியாவை வெச்சு, அடியில ஓட்டை இல்லாம, கலர் கல்லு போட்டுக் கொடுக்குறோம். மில்லர் உலர் வீட்டுல வெச்சதை நாம ஈர வீட்டுக்குள்ள பூட்டுறோம். அது மூணு மாசம் இருந்தாலே பெரிசு.

அப்போ நாம என்ன செய்யலாம்?

உங்க எல்லாருக்கும் ஏத்த மாதிரி "வாரம் ஒரு தடவை"ன்னு சொல்ல மாட்டேன். அந்த லேபிள்தான் பாதிச் செடியைக் கொல்லுது. ஹெய்ன் கதையில இருந்து நேரா வர்ற சில விஷயங்கள் மட்டும் சொல்றேன்.

முதல்ல, தண்ணி. நாளை எண்ணாதீங்க, மண்ணைப் பாருங்க. விரலை ரெண்டு இஞ்ச் உள்ள விடுங்க. ஈரம் தட்டுப்பட்டா விட்டுடுங்க. முழுக்கக் காஞ்சிருந்தா, அடியில ஓட்டை வழியா வழியுற வரைக்கும் நல்லா ஊத்துங்க, அப்புறம் திரும்பவும் முழுக்கக் காயுற வரைக்கும் தொடாதீங்க. தினமும் கொஞ்சம் கொஞ்சம் தெளிக்கிறதுதான் மோசம். செடியே தாகத்தைக் காட்டிக் கொடுக்கும்: இலை லேசா சுருங்கி, தொட்டா மெத்துன்னு இருக்கும். சுருங்கின இலையைக் காப்பாத்திடலாம். கண்ணாடி மாதிரி ஆன இலையைக் காப்பாத்துறது கஷ்டம். சந்தேகம் வந்தா, ஊத்தாதீங்க.

ரெண்டாவது, வெளிச்சம். ராத்திரி சேர்த்து வெச்ச அமிலத்தைச் சர்க்கரையாக்கப் பகல் வெளிச்சம் வேணும். மாவு இருக்கு, அடுப்பு இல்லைன்னா தோசை எப்படி வரும்? ஆபீஸ் க்யூபிக்கிள்ல, பாத்ரூம் ஷெல்ஃப்ல வெச்ச செடி பட்டினி கிடக்குது. வளராத செடி தண்ணியும் எடுக்காது. அங்க நீங்க ஊத்துற அதே ஒரு மூடித் தண்ணி இன்னும் ஆபத்து. தண்டு நீளமா இழுத்துக்கிட்டு ஜன்னல் பக்கம் சாயுதுன்னா, அது வெளிச்சம் கேட்குதுன்னு அர்த்தம். ஆனா நிழல்ல இருந்ததைத் தூக்கி மே மாச மொட்டை மாடியில நேரா வைக்காதீங்க, இலை வெந்துடும். கொஞ்சம் கொஞ்சமா பழக்குங்க.

மூணாவது, தொட்டியும் மண்ணும். ஓட்டை இல்லாத தொட்டி வேண்டாம். மண் தொட்டின்னா ரொம்ப நல்லது, பக்கவாட்டுலயும் ஈரம் வெளிய போகும். வெறும் செம்மண்ணோ தேங்காய் நார்த் தூளோ மட்டும் போட்டா ஈரம் பிடிச்சு வெச்சுக்கும். பாதிக்குப் பாதி பருமணலோ, பொடிச் சரளையோ, உடைச்ச செங்கல் துண்டோ கலந்துக்குங்க.

நாலாவது, இது நம்ம ஊருக்கே ஆன விஷயம், ராத்திரி. இந்தச் செடிகள் கதவு திறக்குறது ராத்திரியில. ராத்திரி குளிர்ச்சியா இருந்தாத்தான் நல்லாத் திறக்கும். எக்கெவேரியாவோட சொந்த இடம் மெக்சிகோ பக்கத்து மலைகள். பகல்ல நல்ல வெயில், ராத்திரி சில்லுன்னு இருக்கும். சென்னையில மே மாசம் ராத்திரியில்கூட சூடு பெரிசா இறங்காது, காற்று முழுக்க ஈரம். ஊட்டி நர்சரியில பூ மாதிரி இருந்த செடி இங்க வந்து ஏன் வாடுதுன்னா, பகல் வெயிலை விட ராத்திரிப் புழுக்கம் பெரிய காரணம். கோடையில அது வளராம சும்மா இருக்கும். "ஐயோ வெயிலா இருக்கே"ன்னு அப்போதான் நாம தண்ணியைக் கூட்டுவோம். கூட்டக் கூடாது, குறைக்கணும். காற்றோட்டமான இடத்துல வைக்கணும்.

இன்னொரு வழியும் இருக்கு. கடற்கரை ஊர்ல இருக்கோம்னா, இந்தப் புழுக்கத்துலயே பிறந்து வளர்ந்த செடிகளை வளர்க்கலாமே? பிரண்டை இருக்கு, துவையலுக்கும் ஆகும். மருள் இருக்கு, நீங்க காசு கொடுத்து வாங்குற ஸ்நேக் ப்ளான்டுக்குச் சொந்தக்காரச் செடி. பருப்புக்கீரைகூட தண்ணி இல்லாத நேரத்துல கேம் முறைக்கு மாறிக்கும். இதெல்லாம் நம்ம பால்கனிக்கு அந்நியம் இல்லை.

மூணாவது தொட்டி

மூணாவது குட்டி என்ன ஆச்சுன்னு நீங்க யாரும் கேட்கலையே!

அது பிழைச்சிடுச்சு. என் திறமையால இல்லை. ரெண்டு செடி போன வருத்தத்துல அதைப் பார்க்கப் பிடிக்காம, பால்கனி மூலையில தள்ளி வெச்சு மறந்துட்டேன். நான் மறந்ததுதான் அதுக்கு மருந்து. இப்போ என் இடுப்பு உயரம்.

போன மாசம் ஹெய்ன் செஞ்சதை நானும் செஞ்சு பார்த்தேன். மெல்லல. பிஹெச் பேப்பர் வாங்கினேன். காலையில ஆறு மணிக்கு ஒரு துண்டு இலையை ஒரு சொட்டுத் தண்ணியோட நசுக்கி, பேப்பர்ல தொட்டேன். 4 பக்கம் காட்டுச்சு, நல்ல புளிப்பு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு அதே செடி, இன்னொரு துண்டு. 5-ஐத் தாண்டிடுச்சு. ரெண்டு காகிதத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா நிறம் வேறன்னு குழந்தைக்கே தெரியும். நானும் ஆபீஸ் போயிட்டு வந்துட்டேன், இதுவும் ஒரு நாள் வேலையை முடிச்சிருக்கு. இவ்வளவு நாள் அசையாம நின்னுட்டு இருக்குன்னு நினைச்சேன்.

ஹெய்ன் லண்டனில் இருந்து திரும்பவும் மதராஸ் வந்து, 1819-ல் இங்கேதான் இறந்தார். இந்தியாவைப் பற்றிப் பெரிய புத்தகமெல்லாம் எழுதியிருக்கிறார். ஆனால் இன்று தாவரவியல் மாணவர்கள் அவர் பெயரைப் பார்ப்பது பெரும்பாலும் அந்தச் சின்னக் கடிதத்துக்காகத்தான்.

அத்தைகிட்ட இதை ஃபோன்ல சொன்னேன். "ஆச்சி அதுக்குத் தண்ணி ஊத்தி நான் பார்த்ததே இல்லைடா, மழை பெஞ்சா குடிச்சுக்கும்"னு சொன்னாங்க. கிணத்தடியிலயே இருந்தும்! அந்தக் கிணத்தையும் இப்போ மூடிட்டாங்களாம். அத்தை ஒரே ஒரு இலையைத்தான் கிள்ளினாங்க, அதையும் எனக்கு அனுப்பிட்டாங்க. அவங்ககிட்ட ஒண்ணும் இல்லை.

அதனால நேத்து நல்ல தடிமனான இலையா ரெண்டு பறிச்சு, கவர்ல போட்டு, அவங்களுக்கு அனுப்பியிருக்கேன். எத்தனை நாள் ஆகும்னு தெரியாது. லேட்டானாலும் கவலை இல்லை.

உங்க வீட்டுலயும் யாராவது கொடுத்த செடி, யார்கிட்ட இருந்தோ வந்த இலை இருந்தா, அதோட கதையை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. பிஹெச் பேப்பர் சோதனை செஞ்சு பார்த்தா, காலை, சாயங்காலம் ரெண்டு நேர ஃபோட்டோவும் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம். அதுவரைக்கும் அந்தத் தண்ணி டம்ளரைக் கொஞ்சம் கீழ வைங்க.